சுத்தியலுக்குப் போன மாமாவின் நாக்கு

வீட்டில் அவனுக்குக் கிறுக்கல் என்றுதான் பெயர். சின்ன வயதில் அவன் வரைந்த பூனையைப் பார்த்து, உண்மைப் பூனை அவமானம் தாங்காமல் வீட்டை விட்டே ஓடிவிட்டது என்று அவன் அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அப்பேர்ப்பட்டவனுக்கு, வீடு பழுதுபார்க்கும் கம்பெனியின் கார்ட்டூன் விளம்பரம் கிடைத்ததென்றால் அது அக்கா புருஷன் புண்ணியம். மாமா அந்தக் கம்பெனியில் கொத்தனார். "என் மச்சினன் வரைஞ்சா சுவரே எந்திரிச்சு நடக்கும்" என்று முதலாளியிடம் அளந்துவிட்டு வந்திருந்தார்.

கிறுக்கல் மீசை வைத்த சுத்தியல் ஒன்றை வரைந்தான். கை கால் முளைத்தது, உயிர் முளைக்கவில்லை. கம்ப்யூட்டரில் நடக்கவிட்டால் பேதி கண்ட நாற்காலி மாதிரி நடந்தது.

அந்த நேரம் பார்த்து, அவன் வீட்டு ஈரச் சுவரைப் பார்க்க மாமா வந்தார். கால்சட்டையை ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியை வெளியே நீட்டி, விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பூச்சு எங்கே விட்டிருக்கிறது, குழாய் எங்கே ஓடுகிறது என்பதைச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். கிறுக்கல் போனில் படம் பிடித்தான்.

"எதுக்கு மாப்ளே?"

"சும்மா மாமா, ஞாபகத்துக்கு."

எல்லாவற்றையும் அப்படியே சுத்தியலுக்கு ஏற்றினான். சுத்தியல் தட்டியதும் சுவர் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்கும், சுத்தியல் பயந்து மல்லாந்து விழும். இது மட்டும் அவன் சொந்தச் சரக்கு. விளம்பரம் டிவியில் வந்ததும், சிரித்த சிரிப்பில் ஊரில் பாதிப்பேருக்கு விலா எலும்பு இடம் மாறியது.

அப்புறம் மாமா எந்த வீட்டில் தட்டினாலும் முதுகுக்குப் பின்னாலிருந்து "யாரு?" என்று குரல் வந்தது. "விளம்பரத்த அப்படியே காப்பியடிக்கிறீங்களே!" என்று ஒரு அம்மா பாராட்டு வேறு.

"பொம்மை நல்லாத்தான் இருக்கு மாப்ளே" என்றார் மாமா, சாப்பிடும்போது. "ஆனா நான் அதுகிட்ட தொழில் கத்துக்கிட்டேன்னு சொல்றாங்க. எப்படித்தான் ஒரே மாதிரி அமைஞ்சுதோ!"

கிறுக்கல் வாயில் இருந்த கவளம் சிமெண்டாக இறுகியது. "அதிசயமாத்தான் இருக்கு மாமா" என்றான். நாக்கு கூசவில்லை. நாக்கைத் தவிர மற்றதெல்லாம் கூசியது.

மாமா தட்டுவதையே விட்டுவிட்டார். கண்ணால் பார்த்து ஒரு குளியலறைச் சுவரைத் துளைத்தார். குழாய் உடைந்து, வீடு படகு விடுகிற அளவுக்கு நிரம்பியது. இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"வயசாயிடுச்சு, கை போயிடுச்சுன்னு புலம்புறாருடா" என்று அக்கா போனில் அழுதாள்.

கிறுக்கல் முதலாளியிடம் ஓடினான். "அந்தத் தட்டுறதை எடுத்துடலாம் சார்."

"அதை எடுத்தா மிச்சம் வெறும் சுத்தியல்தானய்யா?" என்று சிரித்தார் அவர்.

வேறு வழியில்லாமல் அந்தக் குளியலறைக்கே போனான். மாமா உடைந்த இடத்தைப் பூசிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தச் சுத்தியல் தட்டுறது உங்க தட்டுதான். அன்னிக்குப் படம் புடிச்சேனே, அதப் பாத்துதான் செஞ்சேன்."

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "கண்ண மூடுறது?"

"உங்களுது."

"அந்த நாக்கு?"

"அதுவும்தான் மாமா."

"நானா நாக்க நீட்டுறேன்? இத்தனை வருஷமா, போன வீட்டுலயெல்லாமா?"

கிறுக்கலுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே மாப்ளே. உனக்கு இல்லாததா? அன்னிக்குச் சாப்பிடும்போதாவது சொல்லியிருக்கலாம்ல."

கரண்டியாலேயே நாலு போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பினார். விரலை மடக்கினார். உடனே இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"நீ வெளிய போ மாப்ளே. நீ பாத்துட்டிருந்தா எனக்கு வராது."

கிறுக்கல் வெளியே வந்து கதவைச் சாத்தினான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்கலாமா என்று தோன்றியது. அதுவும் மாமாவுடையதுதானே என்று தள்ளி நின்றுகொண்டான்.