அவரைப் பற்றி நான் எழுதிய வரி

குடவாசல் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நான் மேலாளராக இருந்தபோது, அங்கே நெல்லின் தரம் பார்த்தவர் அந்த அம்மா. ஒடிசலான உடம்பு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் எப்போதும் நூல் சுற்றியிருக்கும். தஞ்சாவூரில் எந்தப் பயிற்சி வகுப்பு நடந்தாலும் போய்விடுவார். மறுநாள் பக்கத்து மேசைப் பெண்ணை உட்காரவைத்து, கற்றது முழுவதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் தன் வேலையைத் தொடங்குவார்.

தலைமை அலுவலகம் வருடாவருடம் மதிப்பீட்டுப் படிவம் அனுப்பும். அதைப் பார்த்துத்தான் தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு ஆள் எடுப்பார்கள். அவர் பெயருக்கு நேரே ஒவ்வொரு முறையும், "இவர் இல்லாமல் ஆலை ஓடாது" என்று எழுதினேன். பாராட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சம்பா நெல் வந்து குவியும்போது அவரை விட்டுவிட்டு நான் என்ன செய்வது?

நாலாவது வருடம் அந்தப் பக்கத்து மேசைப் பெண்ணுக்கு ஆய்வகத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அன்று மாலை அம்மா என் அறைக்கு வந்தார்.

"என்னப் பத்தி என்ன சார் எழுதுறீங்க?"

படிவத்தின் நகலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நான் இல்லாட்டியும் ஓடணும்னுதான் சார் அந்தப் பொண்ணுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தேன்."

"அடுத்த வருஷம் மாத்தி எழுதிடுறேம்மா."

"அடுத்த வருஷம் எனக்கு நாப்பத்தாறு சார். நாப்பத்தஞ்சுக்கு மேல லேபுக்கு எடுக்க மாட்டாங்க."

மறு வாரம் அந்த மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தால்கூட நான் தேறியிருப்பேன்.