கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கிய கல்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் கிணறு வெட்டியபோது, பழங்காலத்து இலைகள் பதிந்த கற்கள் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். எங்கள் ஊர் ஆந்திராவா மதராஸா என்று முடிவாகாத சமயம் அது.

திருப்பதியில் என்னைப்போலக் கல் சேர்ப்பவர்கள் நாலைந்து பேர் கூடினார்கள்; ஒருவர் அந்த ஊர் வாத்தியார், இன்னொருவர் மதராஸிலிருந்து வந்தவர். நானும் பையோடு போனேன். கல்லைப் பிளந்தால் ஒரு பாதியில் இலை மேடாகவும் மறுபாதியில் பள்ளமாகவும் இருக்கும். அப்படி ஒரு ஜோடியை எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள்.

“ஏமய்யா, உங்க ஊரு எங்களுக்குத்தான் வரப்போவுது. கல்லை இங்கயே வுட்டுட்டுப் போ” என்றார் திருப்பதி வாத்தியார்.

“மொதல்ல ஊரு வரட்டும், அப்பால கல்லைக் கேளு நைனா” என்றார் மதராஸ்காரர்.

குரல் ஏறியது. பயந்துபோய் ஆளுக்கொரு பாதி கொடுத்துவிட்டேன். இருவரும் சிரித்தபடி காகிதத்தில் சுற்றிக்கொண்டார்கள். ஜோடி பிரிந்துவிட்டது. வாசலில் செருப்பு மாட்டியவன் திரும்பி வந்தேன்.

“ரெண்டையும் குடுத்துடுங்க சார்.”

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்ல?” என்றார் வாத்தியார்.

“இருக்குது சார். இருந்தாலும் கேக்கறேன். பாக்கணும்னா ரெண்டு பேரும் ஒண்ணா எங்க ஊட்டுக்கு வாங்க.”

இரண்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு ஊர் ஆந்திராவுக்குப் போனது. அவர்கள் என்னை மறுபடி கூப்பிடவில்லை. கொடுத்ததைப் பிடுங்கியவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். மேடும் பள்ளமும் பொருந்தியபடி அந்தக் கல் என் பெட்டியில்தான் இருக்கிறது.