பூட்டிக் கிடந்த கோயிலில் ஆண்டு பூசை

எங்க வீட்டுக்காரர் இறந்து ஒரு வருசம் முடியிற அன்னைக்கு நான் எங்க ஊர் மணப்பாட்டில் இல்லை. பிரான்சு நாட்டில, சுத்தி எங்க பார்த்தாலும் கோதுமை வயலாக் கிடக்கிற ஒரு பட்டிக்காட்டில, மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போயிருந்தேன்.

ஊர்ல கொழுந்தனார் ஆண்டு பூசைக்குச் சொல்லியாச்சு. சரி, அது அவிய வைக்கிற பூசை. கட்டினவ நான் அன்னைக்கு ஒரு கோயில்ல போய் அவருக்காக முழங்கால் போட வேண்டாமா? எனக்கு மனசே ஆறலை.

அந்த ஊர்ல இருபது வீடு இருந்தா அதிகம். கடை கிடையாது, ரொட்டிகூட வண்டியிலதான் வரும். கோயில் மட்டும் எண்ணூறு வருசப் பழசாம். கருங்கல்லுல குட்டையா நிக்கி. போய்ப் பார்த்தா கதவு பூட்டிக் கிடக்கு. பல ஊருக்கு ஒரே சாமியாராம், மாசத்துக்கு ஒருதரம்தான் வருவாராம். எனக்கு வந்துதே ஒரு கோவம்!

"ஏளா, எண்ணூறு வருசமா கோயில் நிக்கி, ஒரு பூசை வைக்க நாதியில்லையா?"

"சத்தம் போடாதம்மா. இங்கன அப்படித்தான்,"ன்னா மகள்.

சாவி எதிர்வீட்டில கோழி வளர்க்கிற அம்மாகிட்ட இருந்தது. அவிய வந்து திறந்துவிட்டுட்டு, கோழிக்குத் தீனி வைக்கப் போயிட்டாவ. மகள் பிள்ளையோட வெளியே நின்னா. உள்ளே ஒரே குளிரு. மெழுகுதிரியைக் கொளுத்திட்டுத் திரும்பினா, கதவுப் பக்கம் மணிக்கயிறு தொங்குது. பூசைதான் இல்லை, மணியாவது அடிப்போமேன்னு நினைச்சேன். எங்க ஊர்ல துக்கமணி எப்படி அடிப்பாவளோ அப்படியே, ஒரு அடி அடிச்சு, சத்தம் அடங்குறவரை நின்னு, அடுத்த அடி அடிச்சேன்.

"அம்மா, விடும்மா!"ன்னு மகள் ஓடிவரும்போது ஆறு அடி அடிச்சாச்சு.

அங்கேயும் சாவுக்கு அப்படித்தான் அடிப்பாவளாம். எனக்கு என்ன தெரியும்? கொஞ்ச நேரத்தில ஊரே வந்திட்டு. டிராக்டரை வயல்லயே விட்டுட்டு ஒரு பெரியவர் சேத்துக் காலோட வாரார். கோழிக்காரம்மா தீனி வாளியோட வாராவ. எல்லார் முகத்திலயும் பயம்.

"யாரு செத்ததுன்னு கேக்காவம்மா." மகளுக்கு மானம் போச்சு.

"எங்க வீட்டுக்காரர்னு சொல்லு. போன வருசம், மணப்பாட்டிலன்னு சொல்லு."

நல்லா ஏசப்போறாவன்னு நினைச்சேன். ஒருத்தரும் ஏசலை. டிராக்டர்காரர் தொப்பியைக் கழட்டிட்டுப் பெஞ்சில உக்காந்தார். மத்தவியளும் உக்காந்தாவ. கோழிக்காரம்மா வாளியைக் கீழ வச்சுட்டு முன்னால போய்க் கைகூப்பி நின்னாவ. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து என்னமோ கேட்டாவ.

"செபத்தில சொல்ல அப்பா பேரு வேணுமாம்." மகள் அவிய பேரைச் சொல்ல வாயெடுத்தா. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒருநாள்கூட அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்க பக்கம் புருசன் பேரைச் சொல்லமாட்டோம். 'ஏங்க'ன்னு கூப்பிட்டே காலம் போச்சு. ரேசன் கடையில கேட்டாக்கூட மகளைத்தான் முன்னால தள்ளுவேன்.

சொன்னேன். கோழிக்காரம்மாவுக்கு வாயில நுழையலை, இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கையைக் காட்டினாவ. திரும்பச் சொன்னேன். அப்பவும் பிடிபடலை. மூணாவது தரம் அழுதுக்கிட்டே, எங்க வீட்டுக்காரரையே கூப்பிடுத மாதிரி சத்தமாச் சொன்னேன்.