குளத்து வாசலில் என் மாமனார் பெயர்

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது என்பதே கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். விம்கோ நகரில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் இடித்த கட்டடக் குப்பையும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். மாநகராட்சி ஆட்கள் வந்து, அரசுப் பணத்தில் குப்பையை அள்ளி, மண்கரை போட்டு, 'நீர்நிலை, இங்கே கட்டடம் கட்டக் கூடாது' என்று பலகை வைத்தபோது, பூங்காவுக்கு அடி போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பூங்கா வரவில்லை. கோரை வளர்ந்தது. தாழைக்கோழி வந்தது. உப்புக் கரித்துக்கொண்டிருந்த எங்கள் போர் தண்ணீரில் டீ போட முடிந்தது. நான் கட்டிய வரி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு மார்க்கெட்டில் இரும்புக் கடை. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். இரும்பு விற்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, எங்கேயாவது திறந்த இடத்தைக் கண்டால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. குளத்தைச் சுற்றி வேலி போட்ட மாநகராட்சி, தெருப்பக்கம் கரையிலும் வேலியிலும் ஒரு லாரி அகலத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. அதன் வழியாகத் திரும்பவும் குப்பை லாரி வர ஆரம்பித்தது. இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"வேலிய போட்டுட்டு வாசலத் தொறந்து வச்சா அதுக்குப் பேரு வேலியா? ஒரு தகட்ட வச்சு அடைச்சிருவோம். நம்ம உபயமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

உபயம் என்ற சொல் வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதி வைப்பார்கள். ஆனால் இவர் எழுத நினைத்தது தன் பெயரை இல்லை, அப்பா பெயரை. என் மாமனார் ஊரிலிருந்து வந்து, யார் யார் கடையிலோ இரும்பு தூக்கி, கடைசியில் சொந்தமாகக் கடை வைத்து, இங்கேயே கண்ணை மூடியவர். கடைக்கு முருகன் பெயர், வீட்டுக்கு மாமியார் பெயர். அவர் பெயர் இந்தச் சென்னையில் எங்குமே எழுதப்படவில்லை. அதில் இவருக்கு ஒரு மனக்குறை. அது நியாயமான குறைதான் என்று நானும் தலையாட்டினேன்.

குளத்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இஞ்சினியர் பெண் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில், அவள் வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று இவரும் மார்க்கெட் ஆட்களும் சேர்ந்து தகட்டை நிறுத்திவிட்டார்கள். அடியில் இடைவெளியே இல்லாமல் தரையில் பதித்த கனத்த இரும்புத் தகடு. மேலே முருகன் துணை, அதன் கீழே வியாபாரிகள் சங்கம், அதன் கீழே இன்னும் யார் யாரோ. என் மாமனார் பெயருக்குக் கடைசியில் அடி வரிதான் கிடைத்தது. "எழுத்து பெருசுலா" என்று இவர் சமாதானம் சொல்லிக்கொண்டார். அன்றைக்குத் தெருவே கேசரி சாப்பிட்டது. வெயில் காலம். அந்த இடம் எதற்குத் திறந்திருந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் பெருமழை பெய்த காலையில் தெரிந்தது. எதிர்வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறவள் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள், அவள் புருஷன் மீன்பிடி போட்டில் கடலுக்குப் போகிறவர். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, வூட்டுக்குள்ள தண்ணி வந்துகினு கீது. கட்டில் மேல ஃபிரிட்ஜ ஏத்தி வெச்சிகீறேன். கொளத்தப் போய்ப் பாரு, பாதி கூட ரொம்பல. தெரு தான் கொளமா கீது."

ஓடிப்போய்ப் பார்த்தோம். ஊர்த் தண்ணீர் எல்லாம் குளத்துக்குப் போகிற வழி அந்த இடம்தான். அதில் எங்கள் தகடு நின்றது. இந்தப் பக்கம் செருப்பும் தெர்மாகோலும் மிதக்கிற தண்ணீர், அந்தப் பக்கம் கோரைக்கு நடுவே நிம்மதியாக மேய்கிற தாழைக்கோழி. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரியின் மீன்பாடி வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கடையிலிருந்து சிலிண்டரும் கேஸ் கட்டரும் கொண்டுவந்தார். தகட்டின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அப்பா பெயரின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீருக்குள் தீ நிற்காது. பெயருக்குக் கீழே வெட்ட வழியில்லை, மேலேதான் வெட்ட வேண்டும்.

"வேற எடத்துல கரைய ஒடைச்சு விடலாமா?" என்று என்னைக் கேட்டார். கரையை உடைத்தால் குளம் போய்விடும் என்று அவருக்கே தெரியும். எதிர்வீட்டிலிருந்து பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீயைப் பற்றவைத்தார்.

அப்பா பெயருக்கு நேர்மேலே, அந்தப் பெயரின் நீளத்துக்கு மட்டும் நேர்கோடாக வெட்டினார். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் வரை வெட்டி, மிச்சத்தைக் கடப்பாரையால் நெம்பினார். பெயர் இருந்த துண்டு குளத்துப் பக்கம் சாய்ந்தது. தெருத் தண்ணீர் அதன்மேல் ஏறிக் குளத்துக்குள் பாய்ந்தது. மதியத்துக்குள் எதிர்வீட்டு வாசல் வெளியே தெரிந்தது. இவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கும் காலையில் பேசிய பேச்சை நினைத்து மனசு சுட்டது.

மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் இவர் அடியையும் வெட்டி, அந்தத் துண்டைத் தனியே எடுத்தார். அன்றைக்கே இஞ்சினியர் பெண் வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், "இத மேல ஏத்தி வெல்டு வெச்சிடலாம் சார், சாமி பேருக்குப் பக்கத்துலயே" என்றாள். லாரியைத் தடுக்க ரெண்டு கம்பம் நட்டால் போதும், தண்ணீர் நடுவில் போய்க்கொள்ளும் என்றும் சொன்னாள். இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக்காரி துண்டுத் தகட்டைக் கழுவி, கையால் அளந்து பார்த்துவிட்டாள்.

"அண்ணாத்த, இத எனக்குக் குடு. என் வூட்டு வாசல் அகலம் கரெக்டா கீது. மழ நாள்ல குறுக்கால நிறுத்திக்கறேன், ஒரு சொட்டு உள்ள வராது. பேரு வெளிப்பக்கம் தெரியற மாதிரியே வெக்கறேன்."

நான் வாய் திறப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். வாசலின் இரண்டு பக்கமும் தகடு செருகக் காடி வைத்துக் கொடுத்ததும் இவர்தான்.

இந்த மழைக் காலம் முழுக்க அது அங்கேதான் நிற்கிறது. கூரியர்காரர்கள் அந்த வாசலில் நின்று, எழுத்துக் கூட்டி, என் மாமனார் பெயரைச் சொல்லி, "சார் இருக்காரா?" என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் மாடியில் இவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. "கடைக்குப் போய்கீறாரு, இன்னா வேணும் சொல்லு" என்பாள்.