முளைக்குச்சி இருந்த இடம்

கொல்லிமலையில் நான் பாரஸ்ட் கார்டாக இருந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு பெரிய கேஸ்தான் பிடித்தேன். அதில் சிறைக்குப் போனது ஒரு விதவை. எனக்குப் பதவி உயர்வு வந்ததும் அந்தக் கேஸால்தான்.

குண்டனி நாடு என்கிற மலைக்கிராமப் பகுதியில், ரிசர்வ் காட்டை ஒட்டி அவளுக்கு ஒரு துண்டு நிலம். சாமை போட்டிருப்பாள், ஓரத்தில் மரவள்ளி. ஒரு மகள். ரோந்து போகிற நாட்களில் அவள் கையால் சாமைச் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். பன்றி தோண்டிப் போட்ட கிழங்கை எடுத்து வந்து காட்டுவாள்.

"ஏனுங்க சாமி, உங்க காட்டுப் பன்னிகிட்டக் கொஞ்சம் சொல்லி வெக்கக் கூடாதுங்களா?"

மனு எழுதி வாங்கி மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை.

பிறகு அவள் தன் நிலத்து ஓரத்தில் கண்ணி வைத்தாள். ஒரு கம்பிச் சுருக்கு, அதைக் கட்ட ஒரு முளைக்குச்சி. மாட்டியது பன்றியல்ல, பெட்டைக் கடமான். கழுத்தில் சுருக்கோடு முளையையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓடி, எல்லைக்கல்லைத் தாண்டி ரிசர்வுக்குள் விழுந்து செத்திருந்தது. காலையில் நான் போனபோது அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மானின் வயிற்றில் குட்டி இருந்தது.

"பன்னிக்குத்தான் வெச்சனுங்க," என்றாள். முளை இருந்த குழியை அவள் நிலத்தில் நானே பார்த்தேன். அங்கிருந்து இழுபட்ட தடம் நேராக மான் கிடந்த இடத்துக்குப் போயிற்று.

அந்த வாரம் ரேஞ்சர் சோளக்காடு ஊரில் முகாம் போட்டிருந்தார். விலங்குகளைக் காக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. சொந்த நிலத்தில் பன்றிக்கு வைத்த கண்ணி பெரிய கேஸாகாது; ரிசர்வுக்குள் வைத்ததென்றால்தான் வேட்டை.

"முளை எங்கய்யா கெடக்கு?" என்றார்.

"ரிசர்வுக்குள்ளங்க. ஆனா வெச்சது அவ சாமைக் காட்டுலதானுங்க."

"கெடக்கற எடத்த எழுது. மீதிய எவன் கேட்டான்?"

கண்ணி ரிசர்வுக்குள் வைக்கப்பட்டிருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டாயப்படுத்தினார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் இரண்டாம் முறை சொல்லக்கூட இல்லை.

நாமக்கல் கோர்ட்டுக்கு மலையிறங்கி, பஸ் ஏறி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாட்சியிடம் ஏதாவது கேட்கிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டதும், கூண்டில் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"எங்காட்டுல குழி இருந்துச்சே, நீங்களுந்தான பாத்தீங்க சாமி?"

"நான் எதையும் பாக்கல," என்றேன்.

இரண்டு மாதம் உள்ளே போட்டார்கள். மகளை உறவினர் யாரோ கூட்டிப் போனார்கள். காவலில்லாத சாமையைப் பன்றிகள் ஒரு கதிர் விடாமல் அழித்தன. அதைத் தடுக்க எந்தச் சட்டமும் எனக்கு உத்தரவிடவில்லை.

அடுத்த வருஷம் பாரஸ்டர் ஆனேன். கைக்கு வந்த முதல் உத்தரவு, கடமான் செத்துக் கிடந்த அதே சரிவை மொட்டையாக வெட்டிவிட்டு சில்வர் ஓக் மரம் நடச் சொன்னது. மான் தண்ணீர் குடித்த ஓடைக்கரையும் அதில் அடக்கம். ஒரு மானுக்காக ஒருத்தியைச் சிறைக்கு அனுப்பிய அதே ஆபீசின் முத்திரைதான் அந்தக் காகிதத்திலும் இருந்தது.

"அங்க இருக்கற மானெல்லாம் எங்கீங்க போகும்?" என்று ரேஞ்சரிடம் கேட்டேன்.

"மேல போகும்யா," என்றார். மேலே காபித் தோட்டம் இருந்தது.

வெட்டிய மரத்தைச் சுமக்க வந்த கூலியாட்களில் அவளும் இருந்தாள். நிலம் தரிசாகிவிட்டதாம். என்னைக் கண்டதும் முன்போலவே, "கும்பிடறனுங்க சாமி," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாரம் ஏற்றும்போது அவள் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைக்கு வந்துரும்மா. நெழலு. சொமையில்ல."

தலையில் சும்மாட்டைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "வேண்டாமுங்க. உங்க தயவுல நெழல்ல நிக்கறதுக்கு, நான் இதையே சொமந்துக்கறனுங்க."

மழை பிடிக்கும்வரை சுமந்தாள். பிறகு மகளோடு மலையிறங்கிக் கீழ்நாட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்திருந்தால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் தைரியம் எனக்கு அன்றும் இல்லை, ஓய்வு பெற்ற பிறகும் வரவில்லை.