ஒரு விரற்கடைத் தூரம்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். தொலைநோக்கிப் பாடத்தை அதற்குள் இரண்டு வருடம் நடத்தி முடித்திருந்தேன். கரும்பலகையில் இரண்டு லென்ஸ், நடுவே ஒரு கோடு, அம்புக்குறிகள். படம் அழகாகப் போடுவேன். மூன்றாம் வருடம் ஒருத்தி எழுந்து, "டீச்சர், நீங்க அதுக்குள்ள பாத்திருக்கியளா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்கேனே" என்று சொல்லிவிட்டேன்.

பொய். காலேஜில் இருந்த ஒரே தொலைநோக்கியைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்ததோடு சரி. சின்னப் பொய்தான், ஆனால் அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் நேராக மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"ஒரு பவர் பிளஸ் லென்ஸா? நீங்க போட்டிருக்கது மைனஸ்லா டீச்சர். யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"நெலாவப் பாக்குறதுக்கு, அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. வெட்டாத முழு வட்ட லென்ஸ் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார். என் கண்ணாடி நடுவில் குழிந்தது, ஒளியை விரித்துவிடும். இது நடுவில் தடித்தது. ஒளியைச் சேர்த்துக் குவிக்கும். எவ்வளவு தூரத்தில் குவிக்கிறது என்று பார்க்க, லென்ஸை வாசல் பக்கம் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தச் சொன்னேன். ஒரு மீட்டர் தள்ளித் தாள் வந்ததும் அதில் தெரு விழுந்தது. பஸ் ஒன்று தலைகீழாகப் போனது. மேலே இருந்து வரும் ஒளி லென்ஸைக் கடந்து கீழே இறங்குகிறது, கீழே இருப்பது மேலே ஏறுகிறது, அவ்வளவுதான் காரணம்.

"இருவது வருசமா லென்ஸ் தேய்க்கேன். தெருவத் தலகீழா இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் அவர். கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸ் ஒன்றையும் அவரே தேடிக் கொடுத்தார். பெரிய லென்ஸ் நிலாவின் படத்தைக் குழாய்க்குள் விழச் செய்யும். சின்ன லென்ஸ் அந்தப் படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும். தொலைநோக்கி என்பது இந்த இரண்டு வேலைதான்.

தீப்பெட்டி ஆபீசில் வாங்கிய தடித்த தாளைப் பசை தடவிச் சுருட்டி, ஒன்றுக்குள் ஒன்று நகரும்படி இரண்டு குழாய் செய்தேன். பக்கவாட்டு வெளிச்சம் பட்டுப் படம் வெளுக்காமல் இருக்க, உள்ளே விளக்குக் கரியைப் பூசினேன்.

மாசி மாதம், வளர்பிறை அரை நிலா. பொழுது சாய்ந்ததும் வாடகை வீட்டு மொட்டை மாடியில் குழாயைச் சுவரில் சாய்த்தேன். என் மூக்குக் கண்ணாடி இடித்தது. கழற்றிவிட்டு, கண் பக்கத்துக் குழாயை உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். சட்டென்று நிலாவின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் வந்து நின்றது. பள்ளங்கள், பள்ளத்துக்குள் நிழல். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தூரத்தில் இருக்கும் ஒன்றை நான் கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பார்த்தது அன்றுதான். என் கண்ணில் இருந்த குறையைக் குழாயே சரிக்கட்டிக்கொண்டது.

நிலாவைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கரை ஓடியது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவிவதால் வருவது அது. அட்டையில் ஓட்டை போட்டு லென்ஸின் ஓரத்தை மறைத்தேன். கரை குறைந்தது. நிலா மங்கியது, ஆனால் முழுசாகவே இருந்தது. லென்ஸின் பாதியை மூடினால் படமும் பாதி போய்விடும் என்றுதான் நானே நினைத்திருந்தேன். அப்படி இல்லை, லென்ஸின் ஒவ்வொரு துணுக்கும் முழுப் படத்தையும் காட்டுகிறது. படித்துப் பாஸ் செய்த எனக்கு அது அன்றுதான் விளங்கியது. குழாய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஹாஸ்டல் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முதலில், நான் சொன்னது பொய் என்றும், முந்தின நாள்தான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றும் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமையாசிரியையும் வந்திருந்தார், அவர்தான் முதல் ஆளாகக் குனிந்தார்.

"ஆப்பம் மாதிரி என்னமோ தெரியுது. இதான் நிலாவா?"

பென்சில் கோடு என் கிட்டப்பார்வைக் கண்ணுக்குப் போட்டது. குழாயை ஒரு விரற்கடை, ஒரு விரல் அகலம், வெளியே இழுத்தேன். "அடேயப்பா!" என்றார். அதே நிலையில் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக் கூவினார்கள்.

பக்கத்துக் கிராமம் இடைசெவலில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒருத்தி மட்டும், "புகையாத் தெரியுது டீச்சர்" என்றாள்.

"நல்லாப் பாருட்டி" என்று அதட்டினேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டில் உள்ளதைத் தப்புத் தப்பாகக் காப்பி எடுத்து, என்னிடம் தினமும் திட்டு வாங்குகிறவள் அவள். மறுபடியும் "புகைதான் டீச்சர்" என்றாள். குரல் அழுகைக்குப் போய்விட்டது. ஏனென்று தெரியாமல் குழாயை என் பென்சில் கோடு வரைக்கும் தள்ளினேன்.

"ஆத்தாடி, குழி குழியா இருக்கு!"

அவள் கண்ணும் என் கண்ணும் ஒன்று. கரும்பலகை அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு இடைசெவலுக்கு பஸ் ஏறினேன். அவளுடைய தகப்பனார் சம்சாரி, பருத்தி போடுகிற விவசாயி. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கண்ணாடியப் போட்டுட்டா எவன் கட்டுவான்? தப்பா நெனைக்காதிய டீச்சர், ஒங்களுக்குக் கலியாணம் ஆயிட்டா?"

"ஆகல."

"பாத்தியளா?"

எனக்கு அப்போது இருபத்தொன்பது. பெண் பார்க்க வந்த மூன்று தடவையும் அம்மா என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். யார் மாப்பிள்ளை என்றே தெரியாமல் காப்பி கொடுத்திருக்கிறேன்.

முற்றத்தில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்த தாயார்தான் தலை நிமிர்ந்தாள். "ஏட்டி, அந்தா ஓடைப் பக்கம் நிக்கது என்னது, சொல்லு."

பெண் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "மாடும்மா."

"ஒங்க பெரியப்பாலா அது."

தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரிசல் காட்டுப் பக்கம் இறங்கிப் போனார். மறுநாள் காலையில் அவரே மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றார்.

கண்ணாடி வந்த அன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். "ஐயா, கரண்டு கம்பி ரெண்டு இருக்கு!" என்றாள். அதுவரை ஒன்று என்றே நினைத்திருந்தாளாம்.

பள்ளிக்குத் திரும்பி நடக்கும்போது, போர்டு தெரியவில்லை என்று ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் டீச்சர். மத்தவளுக புத்திசாலி, ஊகிச்சு எழுதுதாளுகன்னு நெனச்சேன்."

நடுத்தெருவில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டாள்.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், எல்லாப் பிள்ளைகளையும் பின்சுவரோரம் நிறுத்தி, போர்டில் எழுதியதை வாசிக்கச் சொன்னேன். வாசிக்க முடியாமல் இன்னும் நாலு பேர் அகப்பட்டார்கள். கண்ணாடி விஷயமாக அவர்கள் வீட்டுக்கும் போனேன். இரண்டு வீட்டில் வசவு வாங்கினேன். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள்.