கரியாலூர் வளைவில் நான் விழவில்லை

என் நெற்றியில் பிறை வடிவில் ஒரு காயம் இருக்கிறது. இரண்டு தையல். ஆபீஸில் எல்லோரிடமும், ‘கரியாலூர் மலை வளைவில் பைக் சறுக்கிவிட்டது’ என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மை... என் மகள் டம்ளரை வீசினாள்.

மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கோபம் வந்தால் கைக்குக் கிடைத்தது பறக்கும். ரிமோட் போனது. பென்சில் பாக்ஸ் போனது. நாங்கள் என்ன செய்தோம்? வீட்டையே பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம். மிச்சமிருந்த ஒரே எவர்சில்வர் டம்ளர் என்னுடையது. பிளாஸ்டிக்கில் காபி ருசிக்காதே...

அதுதான் வந்து விழுந்தது. கரியாலூர் அருவிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது முறையாக ‘அடுத்த வாரம்’ என்றிருந்தேன்.

வெளியே தெரிந்தால் ஊர் அவளுக்கு ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர் வைத்துவிடும். அவள் காதில் விழாமல் நானும் மனைவியும் முடிவெடுத்தோம் – பைக் விழட்டும்.

ஞாயிறன்று ஆயில் மாற்ற, மூன்று பேருமாகச் சங்கராபுரத்தில் மெக்கானிக் பாய் கடைக்குப் போனோம். பாய் நெற்றியைப் பார்த்தார். கதையைச் சொன்னேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“கண்ணாடி ஒடையல. லீவர் வளையல. ஒரு கீறல் இல்ல. காயம் டம்ளர் விளிம்பாட்டம் இருக்கு, ரோட்டுல டம்ளரா சார் போட்டு வெச்சிருந்தாங்க?”

பிறகு ஓரக்கண்ணால் என் மனைவியைப் பார்த்தார். “வூட்ல கோவம் கொஞ்சம் ஜாஸ்தியோ?”

மனைவி முகம் சிவந்தது. ஆனால் மகளுக்காக அந்தப் பழியையும் விழுங்கிக்கொண்டு நின்றாள். நான்? டயரை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“அம்மா அடிக்கல. நாந்தான் டம்ளரால அடிச்சேன்” என்றாள் மகள்.

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இன்னா பாப்பா, அப்பாவ அடிக்கலாமா? தப்பில்ல?”

“தப்புதான்.” தலை குனிந்தாள். உடனே நிமிர்ந்தாள். “ஆனா அப்பா என்னை வுட்டுட்டு எப்ப கரியாலூர் போனாரு?”

பாய் என்னைப் பார்த்தார். மனைவியும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

பாத்திரங்களை மாற்றினோம், காயத்துக்குக் கதை கட்டினோம்... கோபப்பட்டவளிடம் மட்டும் உட்கார்ந்து பேசவே இல்லை.

பாய் கடை ஸ்டூலிலேயே ஒப்பந்தம் போட்டோம். கோபத்தை அவள் வாயால் சொல்ல வேண்டும். ‘அடுத்த வாரம்’ என்று நான் சொல்லக் கூடாது. “வலிக்குதாப்பா?” என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

ஆயில் மாற்றிய கையோடு மலைக்கு வண்டியைத் திருப்பினேன். ஒவ்வொரு வளைவிலும் முதுகைத் தட்டினாள். “இங்கதான் வுழுந்தியா?”

எல்லாம் சரியாகிவிட்டதா? போன புதன்கிழமை ஒரு தலையணை பறந்தது. ஆனால் அதற்கு முன், “கோவம் வருது, தள்ளிக்கோங்க” என்று அறிவிப்பு வந்தது. முன்னேற்றம்தான்.

இருந்தாலும்... காபியை நானும் இப்போது பிளாஸ்டிக்கில்தான் குடிக்கிறேன்.